நாற்சந்தி வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை

எங்கள் ஊரில் யாரும் சொந்த வீட்டில் குடியிருப்பதில்லை.

பத்திரம் அவரவர் பெயரில்தான் இருக்கிறது. வரி கட்டுவதும் அவரவர்தான். ஆனால் வீட்டைச் சொல்லும்போது மட்டும், முன்பு அதில் இருந்துவிட்டுப் போனவரின் பெயரைத்தான் சொல்வோம். நான் பிறந்து வளர்ந்து, இன்றைக்கும் காபியும் ஆணியும் விற்றுக்கொண்டிருக்கும் கடை, டீட்டர் கடை. அப்பா அதை வாங்கியது நான் பிறப்பதற்கு முன்பு. டீட்டர் என்ற ஆளை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. எதிர் மூலையில் லோரெட்டா பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் இடத்துக்கு ஸ்ப்ரேக் பட்டறை என்று பெயர். அங்கே கடைசியாக ஒரு குதிரைக்கு லாடம் அடித்தபோது லோரெட்டாவின் அம்மா தொட்டிலில் கிடந்தாள். "பட்டறைக்குப் போய் தலைய சரி பண்ணிட்டு வரேன்" என்று பெண்கள் சொல்வார்கள். யாருக்கும் சிரிப்பு வராது.

வீட்டுக்கு உன் பெயர் வர வேண்டுமானால் நீ சாக வேண்டும், அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும். போன மறு வாரமே வீடு உன் பெயருக்கு மாறிவிடும். இப்படி யாரும் உத்தரவு போடவில்லை. வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் குற்றம் ஒன்றும் தெரியவும் இல்லை. சரக்கு கையை விட்டுப் போன பிறகுதானே அது என்ன விலை பெறும் என்று முடிவாகத் தெரிகிறது!

விக்கம் கார்னர்ஸ் என்ற எங்கள் ஊர் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, கால்வாய்க்குப் போகும் சாலையும் மலைக்குப் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். நாலு மூலைக்கு நாலு கட்டடம், அவற்றின் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு தீயணைப்புக் கொட்டகை. அவ்வளவுதான். வடகிழக்கு மூலையில் உள்ள செங்கல் வீடு டாக்டர் பெலிஞ்சர் வீடு. அதில் நாற்பது வருஷமாக இருப்பவன் எமில் கோவாச். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கப் பக்கத்திலிருந்து மார்ஜைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் லாரி ஓட்டினான்.

மார்ஜுக்கு இந்தப் பெயர் விஷயத்தில் தீராத மனக்குறை.

"ஏன் கர்னல், அந்த வீட்டுத் தரைய தினம் தேய்க்கறது யாரு? நான். அந்த டாக்டர் ஒரு நாளாவது துடைப்பத்தக் கையில எடுத்திருப்பாரா?" என்று கடைக்கு வரும்போதெல்லாம் கேட்பாள். கடையோடு நான் ஏலமும் விடுவேன்; ஏலம் விடுகிறவனை எங்கள் பக்கத்தில் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் துப்பாக்கி தூக்கியது வான்கோழி வேட்டையில் மட்டும்.

"நீ கண்ண மூடின மறுநாளே மாத்திடறேன் மார்ஜ்."

"அப்ப அத நான் எப்படிக் காதால கேக்கறது? நல்ல வியாபாரம்தான் பண்ற நீ!"

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் கண்ணை மூடினாள். வீட்டுப் பெயர் மாறவில்லை. எமில்தான் இன்னும் உள்ளே இருக்கிறானே! வீடு காலியானால்தானே பெயர் மாறும்.

ராச்செஸ்டர் நகரத்தில் இருக்கும் மகள் கரோல் ஞாயிறுதோறும் போன் செய்வாள். கீழ்த்தளத்தில் தனி அறை, தனிக் குளியலறை, பேரப்பிள்ளைகள், பெரிய டிவி. எல்லாம் தயார், அப்பா வர வேண்டியதுதான் பாக்கி. எமில் ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்" என்பான். அவன் பேச்சில் "பாக்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். மகளுக்கு அது தெரியும். அவளும் விடவில்லை.

"அங்க போய் ஜன்னல் வழியா நான் எதப் பாப்பேன்?" என்றான் என்னிடம் ஒரு நாள். "எதிர் வீட்டு ஜன்னலத்தான். அதுல இன்னொரு கிழவன் உக்காந்து என்னப் பாத்துட்டிருப்பான்."

அவன் ஜன்னலோ நாற்சந்தியைப் பார்த்தது. ஸ்டாப் பலகையில் யார் வண்டியை முழுதாக நிறுத்துகிறார்கள், யார் லேசாக ஊர்ந்துவிட்டு ஓடுகிறார்கள் என்பதை அவனும் மார்ஜும் வருஷக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். பாதிரியார் ஒரு நாளும் முழுதாக நிறுத்தியதில்லை. மார்ஜ் போன பிறகு எமில் தனியாகக் கவனித்தான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த நாற்காலியும் அந்த ஜன்னலும்தான். அதிலேயே இருந்து முடித்துவிட வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்களுக்கு வரலாறு வந்தது.

மாவட்டத் தலைநகரிலிருந்து பிலிஸ் என்ற பெண் வந்தாள். கழுத்தில் கேமரா, காலில் மண் பார்க்காத பூட்ஸ். தீயணைப்புக் கொட்டகையில் எங்களை உட்கார வைத்து, இந்த நாற்சந்தி முழுவதையும் வரலாற்றுச் சிறப்புப் பகுதியாக அறிவிக்கப் போவதாகச் சொன்னாள். நூறு வருஷத்துக்கு மேலாக எதையும் மாற்றாமல் காப்பாற்றி வைத்திருக்கிறோமாம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காப்பாற்றவாவது! இடித்துக் கட்ட வசதி இல்லை, அப்படியே விட்டோம். ஆனால் வாங்க வந்தவர் சரக்கைப் புகழும்போது குறுக்கே பேசக் கூடாது என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். பேசாமல் இருந்தேன். குரல் பெரிதாக இருந்ததால் என்னைக் குழுத் தலைவன் ஆக்கினார்கள்.

ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஒரு பலகை வைப்பதாக ஏற்பாடு. முட்டை வடிவத்தில், கறுப்பு இரும்பில், வெள்ளை எழுத்து. டீட்டர் கடை. ஸ்ப்ரேக் பட்டறை. எல்லாம் ஊர் வழக்கத்தோடு ஒத்துப் போயின. எமில் இருந்த வீட்டில் மட்டும் சிக்கல். பிலிஸ் துருவியதில், டாக்டர் பெலிஞ்சர் அந்த வீட்டில் வெறும் வாடகைக்கு இருந்தவர் என்று தெரிய வந்தது. கட்டியவன் ஒரு செங்கல் சூளைக்காரன், அவன் பெயர் எங்கும் கிடைக்கவில்லை. பிலிஸ் யோசித்துப் பார்த்தாள். அந்த வீட்டில் அதிக காலம் குடியிருந்தவர் யாரோ அவர் பெயரையே வைத்துவிட்டாள். நல்ல எண்ணம்தான். வெளியூர்க்காரி, எங்கள் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்?

பலகைகளைத் திருகி மாட்டிய அன்று நான் ஊரில் இல்லை, பக்கத்து மாவட்டத்தில் ஒரு பண்ணை ஏலம். எமிலும் இல்லை. வயிற்று வலி என்று கரோல் வந்து காரில் ஏற்றி, யூடிகா மருத்துவமனையில் பரிசோதனைக்கு வைத்திருந்தாள். ஊர் பார்த்தது இவ்வளவுதான்: மகள் வந்தாள், பெட்டியோடு அப்பாவை ஏற்றிக்கொண்டு போனாள். மறுநாள் வீட்டு முகப்பில் "கோவாச் வீடு" என்று பலகை.

ஊருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? எமில் கிளம்பிவிட்டான்!

மூன்றாம் நாள் கரோல் அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, மூட்டை கட்டுவதற்காக வந்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும்தான். குழுத் தலைவனான என்னிடம் பிலிஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, எமிலே அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பான் என்று முடிவு கட்டினேன். நேரே போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் ஒருவனை நேருக்கு நேர் கேள்வி கேட்பது, அவன் குளிக்கும்போது கதவைத் திறப்பது மாதிரி. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். அதற்கு மேல் விசாரிப்பது அதிகப்பிரசங்கித்தனம்.

கேட்காமல் என்ன செய்வோம்? சாப்பாடு கொண்டு போவோம்.

லோரெட்டா மீன் போட்டுச் சுட்ட நூடுல்ஸ் கொண்டு போனாள். பாதிரியார் மனைவி சீஸ் தூவிய உருளைக்கிழங்கு கொண்டு போனாள். ஆல்வா டெயிட்ஸ் என்ற பண்ணைக்காரன் ஆப்பிள் பை எடுத்துக்கொண்டு போய், அதைக் கொடுத்த கையோடு, "அந்தப் பனி தள்ற மெஷின என்ன பண்றதா உத்தேசம்? இனிமே உனக்கு எதுக்கு அது?" என்று கேட்டுவிட்டு வந்தான்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் சாப்பாடு கொடுப்பது கனமான கண்ணாடிப் பாத்திரத்தில். பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் பெயர் எழுதியிருக்கும். சாப்பிட்டுக் கழுவி, அந்தப் பெயருக்கு உரியவளிடம் திருப்பித் தர வேண்டும். தரப் போகும்போது இரண்டு வார்த்தை பேச வேண்டும். பாதி ஊர் இப்படித்தான் பேசிக்கொள்கிறது. ஆனால் ஊரை விட்டுப் போகிறவனுக்கு மட்டும் தூக்கிப் போடுகிற அலுமினியத் தட்டில் கொடுப்பார்கள். அவனுக்கு எதற்குச் சிரமம்? பாத்திரமும் திரும்பி வராது.

எமிலின் சமையலறை மேஜையில் எட்டு அலுமினியத் தட்டுகள் சேர்ந்தன.

அந்த வாரக் கடைசியில் அவன் வீட்டு ஜன்னல் வழியே அட்டைப் பெட்டிகள் தெரிந்தன. நான் என் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன். அவன் படுக்கையறையில் ஒரு வால்நட் மர அலமாரி உண்டு. ஒரே மரத்தில் அறுத்த கதவுகள், கை வேலைப்பாடு. இருபது வருஷமாக என் கண் அதன் மேல். மார்ஜ் உயிரோடு இருந்தபோது நான் விலை கேட்காத கிறிஸ்துமஸ் இல்லை.

உள்ளே பாதி நிரம்பிய பெட்டிகள். எமில் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான்.

"வா கர்னல். எதுக்கு வந்திருக்கன்னு தெரியும். மேல போய்ப் பாத்துக்க."

"நான் பாக்காத அலமாரியா!" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு விலை சொன்னேன். சொல்ல எனக்கே கூசுகிற விலை. ஆரம்பம் அப்படித்தான் இருக்க வேண்டும். அவன் பாய்வான், நான் கொஞ்சம் ஏறுவேன், அவன் என் அப்பாவை இழுப்பான், நான் கிளம்புவது போல எழுந்திருப்பேன். ஒரு சாயங்காலம் இனிமையாகக் கழியும்.

"சரி, எடுத்துக்க" என்றான் எமில்.

நாற்பது வருஷத்தில் ஒரு முட்டைக்கோஸைக்கூட முணுமுணுக்காமல் வாங்கினவன் இல்லை இவன். முதல் விலைக்கே ஒருவன் தலையாட்டினால், பொருள் திருட்டுப் பொருளாக இருக்க வேண்டும், அல்லது அவனுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எமில், என்னய்யா ஆச்சு உனக்கு?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "நீயே சொல்லிடு கர்னல். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எவ்வளவு நாள்னு சொன்னாங்க?"

"எது?"

"எனக்கு. எவ்வளவு நாளாம்? கரோல் உங்க எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லியிருக்கா. எங்கிட்ட மட்டும் வாயே தொறக்கல. டெஸ்ட் முடிவு இன்னும் வரலங்கறா."

"கரோல் எனக்கு எதுக்குய்யா போன் பண்றா? அவ கல்யாணத்துக்கு நான் வித்த கடிகாரம் ஒரு வருஷத்துல நின்னு போச்சுன்னு இன்னும் கோவமா இருக்கா."

"அப்ப இதெல்லாம் என்ன?" அவன் கையை வீசி மேஜையைக் காட்டினான். "எட்டுத் தட்டு. ஒண்ணுல கூட டேப் இல்ல, பேரு இல்ல. திருப்பித் தர ஆளு இருக்க மாட்டான்னுதான அர்த்தம்? ஆல்வா வந்து மெஷினக் கேக்கறான். லோரெட்டா என் கையப் புடிச்சிட்டு அழுவறா. ஆஸ்பத்திரிலேந்து வந்து எறங்கறேன், வாசல்ல என் பேரு! இந்த ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"நீ போறதா பிலிஸ்கிட்ட நீதான சொன்ன?"

"நான் எங்க போறேன்? நான் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தகூடப் பேசினதில்லையே!"

வெளியே ஒரு வண்டி நாற்சந்தியில் ஊர்ந்துவிட்டுப் போனது.

"பாதிரியார்" என்றான் எமில், திரும்பிப் பார்க்காமலே.

"அப்ப இந்தப் பெட்டி?"

"கரோல் வீட்டுக்குப் போயிடலாம்னுதான். இங்க ஜன்னல் பக்கத்துல செத்துக் கெடந்து, லோரெட்டா வந்து பாத்து பயந்துட்டான்னா? ஊரே வழியனுப்பிட்டப்புறம் நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? எட்டுத் தட்டு சாப்பாட்டத் தின்னுட்டு போகாம இருக்க முடியுமா சொல்லு."

அவன் இதைச் சிரிக்காமல் சொன்னான். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. எழுந்து போய்ச் சுவரிலிருந்த போனை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "ஆஸ்பத்திரிக்குப் பேசு. நீயே கேளு."

அவன் கேட்டான். நெடுநேரம் காத்திருந்தான். பிறகு, "ம்... ம்... எங்க? ஓ" என்றான். போனை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"கல்லாம். பித்தப்பையில. எடுத்துடலாமாம்."

"அலமாரி வியாபாரம் ரத்து" என்றேன்.

"பின்ன? அந்த விலைக்கா! உங்கப்பன் இருந்திருந்தா ஒன்னச் செருப்பால அடிச்சிருப்பான்" என்றான் எமில். அவன் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது.

மறுநாள் காலை நானும் அவனும் ஒரு திருப்புளியோடு வாசலில் நின்றோம். பலகையைக் கழற்றிவிட்டால் ஊர் புரிந்துகொள்ளும். முதல் திருகாணியில் திருப்புளியை வைத்தவன், திருகாமல் நின்றான்.

"அவளுக்கு இதப் பாக்கணும்னு எவ்வளவு ஆச தெரியுமா" என்றான். "தெனம் சொல்லுவா. கோவாச் வீடுன்னு ஒருத்தன் சொல்லிட்டான்னா நிம்மதியாப் போவேன்னு. அதக் கேக்காமலே போயிட்டா."

"பழையபடி டாக்டர் பேரையே போடச் சொல்றேன்."

"அந்தாளா? வாடகைக்கு இருந்த மனுஷன்! அவன் பேரத்தான் நாப்பது வருஷம் சுமந்தா." அவன் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு மெதுவாக, சரக்கைத் தட்டிப் பார்க்கிறவன் மாதிரி, "கர்னல், நம்ம ஊர்ல வீட்டுக்கு யார் பேரு?" என்று கேட்டான்.

"விட்டுட்டுப் போனவங்க பேரு."

"இந்த வீட்ட விட்டுட்டுப் போனவ ஒருத்தி இருக்காளே."

ஆயிரம் ஏலம் விட்டவன் நான். இதற்கு மேல் யாரும் விலை கேட்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கடைக்குத் திரும்பி பிலிஸுக்குப் போன் செய்தேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மார்ஜரி என்று பெண்ணின் முழுப்பெயரில் பலகை வைப்பது வழக்கம் இல்லையே என்றாள். பலகைகளோடு ஒரு சிறு குறிப்பும் எழுத வேண்டுமாம்.

"அந்த அம்மா என்ன செஞ்சாங்க? அதாவது வரலாற்று ரீதியா?"

"தரை தேய்ச்சாங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு காலம்?"

"டாக்டர் இருந்தத விட ரொம்ப ரொம்ப அதிகம்."

"சரி, எழுதிக்கறேன்" என்றாள் பிலிஸ். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இலைகள் பழுக்கிற சமயத்தில் புதுப் பலகை வந்தது. "மார்ஜரி கோவாச் வீடு." எமிலுக்குக் கல்லை எடுத்து, ஆள் தேறியிருந்தான். அவனே திருகி மாட்டினான். சாலைக்கு நடுவில் போய் நின்று பார்த்தான். வண்டிகள் காத்திருந்தன. பாதிரியார்கூட முழுதாக நிறுத்தினார்.

ஊருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எமிலும் எல்லோரையும் போலப் போனவர் வீட்டில் குடியிருக்கிறான், அதனால் எங்கும் போகவில்லை. அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ஆல்வா என் கடையில் ஒரு லாரிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். "நேராப் போ, மார்ஜ் வீட்டுகிட்ட எடது பக்கம் திரும்பு." எமில் அடுப்புப் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையை வாயருகே கொண்டு போனவன் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

கரோலின் ஞாயிற்றுக்கிழமை போன் இன்னும் வருகிறது. அவனும் "பாக்கலாம்" என்கிறான். அலமாரி விஷயமாக நான் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். அவன் சொல்கிற விலைக்கு இந்த நாற்சந்தியையே வாங்கிவிடலாம். அதன் உள்ளே மார்ஜின் கோட்டுகள் இன்னும் தொங்குகின்றன. எனக்கும் அவசரம் இல்லை.

முதல் பனி விழுந்த அன்று நான் அவன் வீட்டில் இருந்தேன். லோரெட்டா கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றி, சூடாக ஒரு பாத்திரம். மேஜை மேல் வைத்தாள்.

"கோழி, பட்டாணி, மேல பிஸ்கட் மாவு. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க எமில்."

எமில் மூடியைத் திறக்கவில்லை. துணியோடு பாத்திரத்தை ஒரு பக்கமாகத் தூக்கி, குனிந்து அடியில் பார்த்தான். கனமான கண்ணாடி. அதில் ஒரு துண்டு டேப், லோரெட்டா என்று எழுத்து.

"அய்யய்யோ, கொட்டப் போறீங்க!"

"பாத்திரம் எப்ப வேணும்?" என்று கேட்டான் எமில்.

"கழுவிட்டு எப்ப வேணா கொண்டு வாங்க" என்றாள் அவள். "எங்க போயிடப் போறீங்க?"